நான்கு தொழிலும் ஒரு கேள்வியும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்று எங்கள் யாழ்ப்பாணத்திலே ஒரு பழமொழி உண்டு. கோறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் என்று இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துக் கந்தோர்களிலே பிறந்த இப்பழமொழி, அவர்கள் கப்பலேறிப் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் வீட்டு விறாந்தைகளை விட்டுப் போகவில்லை. ஒருவன் ஓர் உத்தியோகத்திலே ஏற வேண்டும். ஏறிய உத்தியோகத்திலேயே நரைக்க வேண்டும். நரைத்தபின் பென்சன் எடுக்க வேண்டும். இடையிலே இறங்கியவனைப் பற்றி ஊரார் கொள்ளும் அபிப்பிராயங்கள் இரண்டேயாகும். ஒன்றில் அவனை விலக்கியிருக்க வேண்டும். இல்லையேல் அவனுக்குச் சனி பார்வை.

இவ்விரண்டு அபிப்பிராயங்களுக்கும் ஆளானவன் நான். கணினிக்குச் செய்நிரல் எழுதுபவனாகத் தொடங்கினேன். பின்பு, செய்நிரல் எழுதுவோரை நடத்தும் முகாமையாளனானேன். அதன்பின், சம்பளம் நாலில் ஒன்றாகக் குறைய, கல்லூரி ஆசிரியனானேன். இப்பொழுது, வகுப்பு முடிந்த மாலை வேளைகளிலே எழுதுகிறேன். நான்கும் நான்கு தொழில்கள் என்றே ஊரார் எண்ணுகின்றனர். அப்படித்தானா என்று எனக்கே ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவர், நான் ஒரு நாளும் நேரிலே காணாத ஓர் அமெரிக்கர். அவரைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஆனால், அவர் கதை என் மனத்திலே ஏன் ஒட்டியது என்பதை விளக்க, முதலில் என் கதையையும் சிறிது சொல்ல வேண்டும்.

1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலிலே பஞ்சை வைத்து, அளந்து அளந்து மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கிலே நாங்கள் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். அந்நாளிலே கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர், பேசிக் என்னும் கணினி மொழியைக் கற்பிக்கும் பழம்புத்தகம் ஒன்றை எங்கள் வீட்டில் மறந்து விட்டுச் சென்றார். கணினியை நான் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும் அப்புத்தகத்திலே உள்ள செய்நிரல்களை அப்பியாசக் கொப்பியிலே எழுதி, ஒவ்வொரு வரியாக நானே ஓடிப் பார்ப்பேன். இந்த வரியிலே இந்தப் பெட்டியில் 5 இருக்கிறது. அடுத்த வரியிலே அது 6 ஆகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போவேன். கணினியும் நானே, அதனை இயக்குபவனும் நானே. 1995இல் இடம்பெயர்ந்தபோது அக்கொப்பியும் தொலைந்தது. அந்தப் பழக்கம் மட்டும் தொலையவில்லை.

பல்கலைக்கழகப் படிப்பை முடித்து 2005இல் கொழும்பிலே ஒரு மென்பொருள் நிறுவனத்திற் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் முகாமையாளன் என்று கதவிலே பெயர் எழுதினார்கள். முகாமையாளனுடைய தொழில் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை செய்பவன் எப்பொழுது முடியும் என்று சொல்ல மாட்டான், வேலை தந்தவன் எப்பொழுது முடியும் என்று கேட்காமல் இருக்க மாட்டான், இருவருக்கும் நடுவிலே நின்று ஒரு திகதியைச் சொல்பவனே முகாமையாளன்.

2011ஆம் ஆண்டு ஐரோப்பியக் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த வேலை, குறித்த காலத்துக்கு ஆறு மாதம் பிந்திவிட்டது. என் குழுவிலே ஒன்பது பேர். மேலிடம் கூடி ஆராய்ந்து, வேலையை விரைவுபடுத்துமாறு மேலும் ஏழு பேரை அனுப்பிவைத்தது. வந்த எழுவரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆயினும் வேலை இன்னும் பிந்தியது. வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வதிலேயே பழையவர்களின் பகற்பொழுது கழிந்தது. ஒருவர் மாற்றிய வரி மற்றொருவருடைய வரியைக் கெடுத்தது. அந்நாட்களிலே, மூத்த பொறியியலாளர் ஒருவர் மெல்லிய நூல் ஒன்றை என் மேசைமேல் வைத்து, ஒன்றும் சொல்லாமற் போனார். வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸிலே, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் அதனைப் படித்தேன். ‘தி மிதிக்கல் மான் மன்த்’ என்பது அந்நூலின் பெயர். ‘மனித மாதம் என்னும் கட்டுக்கதை’ என்று தமிழிலே சொல்லலாம். 1975இல் வெளிவந்தது. எழுதியவர் பிரெடரிக் புறூக்ஸ். எங்கள் கந்தோரிலே நடந்ததை, நான் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

புறூக்ஸ் 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே பிறந்தவர். டியூக் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் படித்து, ஹார்வர்டிலே கணினி முன்னோடிகளுள் ஒருவரான ஹவார்ட் ஐக்கனிடம் ஆராய்ச்சி செய்து, 1956இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே அவருக்கு நடந்த ஒரு சம்பவம் எங்கள் நாட்டுக் கந்தோர்களிலே நடந்திருக்க முடியாதது. புதிய கணினி வரிசை ஒன்றை அமைக்கும் திட்டத்தை அவர் முன்னின்று நடத்திவந்தார். 1961இல் பொப் எவன்ஸ் என்பவர் மேலதிகாரியாக வந்து, அத்திட்டம் பயன்படாது என்று நிறுத்த முற்பட்டார். புறூக்ஸ் தம் முழுப் பலத்தோடும் எதிர்த்தார், தோற்றார். வென்ற எவன்ஸ் செய்தது என்ன? தோற்றுப்போன புறூக்ஸை அழைத்து, அதனிலும் பெரிய புதிய திட்டத்துக்கு நீரே தலைவராக இரும் என்றார். இங்கே எதிர்த்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். தூர இடத்துக்கு மாற்றக் கடிதமே கிடைக்கும்.

அப்புதிய திட்டமே சிஸ்டம் 360. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி அது உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, புறூக்ஸுக்கு 33 வயது நிறைவதற்கு இன்னும் 12 நாள் இருந்தது. அதற்கு முன்னர், சிறிய கணினிக்கு எழுதிய செய்நிரல் பெரிய கணினியிலே ஓடாது. ஒரு நிறுவனம் வளர்ந்து பெரிய கணினியை வாங்கினால், எழுதிய யாவற்றையும் மீண்டும் எழுத வேண்டும். சிறியதும் பெரியதுமான கணினிகள் ஒரே குடும்பமாக, ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றிலும் ஓடுமாறு அமைந்ததே சிஸ்டம் 360இன் பெருமை.

இன்னொரு பெருமையையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அது எங்கள் தமிழையும் தொடுகிறது. அக்காலத்துக் கணினிகள் பலவற்றிலே ஓர் எழுத்துக்கு ஆறு துணுக்குகளே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆறு துணுக்குகளாலே 64 அடையாளங்களைக் குறிக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள், எண்கள், குறியீடுகள் ஆகியவற்றை வைத்தபின் சிறிய எழுத்துக்களுக்கு இடமில்லை. கணக்குப் பார்க்கும் யந்திரத்துக்குச் சிறிய எழுத்து எதற்கு என்று கேட்டோரும் உண்டு. புறூக்ஸ் எட்டுத் துணுக்குகளே வேண்டும் என்று தீர்மானித்தார். எட்டுக்கு 256 அடையாளங்கள் உண்டு. தம் வாழ்நாளிலே செய்த தீர்மானங்களுள் இதுவே மிக முக்கியமானது என்று அவர் கருதினார். அந்த எட்டுத் துணுக்குகளின் கூட்டமே பைற்று. இன்று உலகம் முழுவதற்கும் அதுவே அளவு. பின்பு, 1991இல் ஒருங்குகுறி என்னும் உலகப் பொது எழுத்து முறை தோன்றியபோது, தமிழுக்கும் அதிலே இடம் கிடைத்தது. இன்று வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியிலே ‘அம்மா’ என்று எழுதி அனுப்பினால், பெரும்பாலும் பதினைந்து பைற்றுகள் கடல் தாண்டி வருகின்றன. புறூக்ஸ் தமிழை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கணினி என்பது எண்ணுக்கு மட்டும் உரியதன்று, எழுத்துக்கும் உரியது என்று அவர் நினைத்திருந்தார், அவ்வளவே.

கணினி அமைந்தது. அதனை இயக்கும் மென்பொருள் அமையவில்லை. அதையும் புறூக்ஸிடமே ஒப்படைத்தனர். ஒரு காலகட்டத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதிலே வேலை செய்தனர். அது பிந்தியது; எண்ணியதற்கு மேலாகப் பணத்தை விழுங்கியது; வெளிவந்தபோதும் குறைகளோடு வந்தது. இதற்கிடையில், 1964இல் வட கரோலினாப் பல்கலைக்கழகம் சாப்பல் ஹில்லிலே கணினி விஞ்ஞானத் துறை ஒன்றைத் தொடங்க அவரை அழைத்திருந்தது. மென்பொருள் வேலையை ஓரளவு நடத்திக் கொடுத்துவிட்டு, 1965இல் அவர் ஐ.பி.எம்.ஐ விட்டு ஆசிரியரானார். உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனத்திலே உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தவர், முப்பத்து நான்கு வயதிலே கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார். அவருடைய ஊரிலே கோறணமேந்துப் பழமொழி இல்லை என்றே நினைக்கிறேன்.

விடைபெறும் வேளையிலே, நிறுவனத்தின் தலைவரான இளைய தோமஸ் வாட்சன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். யந்திரத்தைச் செய்யும் வேலையையும் நீர் நடத்தினீர், செய்நிரல் எழுதும் வேலையையும் நீர் நடத்தினீர்; பின்னையது மட்டும் நடத்துவதற்கு இத்தனை கடினமாக இருப்பது ஏன் என்பதே அக்கேள்வியின் கருத்து. புறூக்ஸிடம் அன்று விடை இருக்கவில்லை. அதனை மூட்டை கட்டிக்கொண்டு சாப்பல் ஹில்லுக்குப் போனார். துறையை நடத்தினார், மாணவர்களோடு பேசினார், ஐ.பி.எம். ஆவணங்களைத் திரும்பப் பார்த்தார். பத்து ஆண்டுகள் கழித்து எழுதிய விடையே, நான் இரவு பஸ்ஸிலே படித்த நூல்.

விடையின் சாரத்தை எங்கள் ஊர் முறையிலே சொல்கிறேன். தேர் வடத்தைப் பிடிக்க ஆயிரம் பேர் வந்தால், தேர் இலேசாக ஓடும். ஆனால் அந்தத் தேரை ஆயிரம் பேர் தத்தமக்குத் தோன்றியவாறு செதுக்கினால், அது வீதிக்கு வராது. வடம் பிடிப்பவன் பக்கத்தில் நிற்பவனோடு பேச வேண்டியதில்லை. செதுக்குபவன் பேச வேண்டும். செய்நிரல் எழுதுதல் செதுக்கு வேலையைச் சேர்ந்தது. ஒன்பது பேர் ஒருவரோடொருவர் பேச வேண்டுமாயின், 36 சோடிகள் ஆகின்றன. எங்கள் மேலிடம் செய்ததுபோல எழுவரைச் சேர்த்துப் பதினாறு ஆக்கினால், 120 சோடிகள். ஆட்கள் இரண்டு மடங்கு ஆகவில்லை; பேச்சோ மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே, பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று புறூக்ஸ் ஒரு விதியை வகுத்தார். அது இன்றும் அவர் பெயராலே வழங்குகிறது.

விதியைக் காட்டிலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, அது பிறந்த முறையே. ஐ.பி.எம்.இலேயே இருந்திருந்தால் இந்நூலை அவர் எழுதியிருப்பாரா? மாட்டார் என்பதே என் துணிபு. அங்கே இருந்தால், ஒரு திட்டம் முடிய அடுத்த திட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும். கேள்வியைப் பத்து ஆண்டுகள் மனத்திலே வைத்திருக்க எந்த முகாமையாளனுக்கும் நேரமில்லை. நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போயிருந்தாலோ, விடை சொல்ல ஆற்றல் இருந்திருக்கும், கேள்வி கிடைத்திராது. செய்தவர் நடத்தினார், நடத்தியவரிடம் கேள்வி கேட்கப்பட்டது, கேட்கப்பட்டவர் கற்பிக்கப் போனார், கற்பித்தவர் எழுதினார். இதனை நான்கு தொழில் என்று எண்ணிக் கணக்கிடுவது, ஒரே ஆற்றை ஊருக்கு ஊர் வேறு பெயரிட்டு நான்கு ஆறுகள் என்று சொல்வதைப் போன்றது.

நான் 2015இல் உத்தியோகத்தை விட்டு, பட்டதாரி ஆசிரியர் நியமனம் பெற்று ஊருக்கு வந்தேன். புறூக்ஸைப் படித்ததனால் விட்டேன் என்று சொன்னால், அது பெருமைக்குச் சொல்வதாகும். காரணங்கள் பல, தந்தையாரின் உடல்நிலையும் ஒன்று. ஆனால் தந்தையாருக்கே அது பிடிக்கவில்லை. அவர் இளைப்பாறிய உப தபாலதிபர். முப்பத்தாறு வருடம் ஒரே சேவை. தங்கையின் கலியாணத்துக்குப் பட்ட கடன் அப்போது பாதிதான் தீர்ந்திருந்தது. மூன்று மாதம் என்னோடு தேவைக்கு மட்டுமே பேசினார். வீட்டிலே அமைதி இருந்தது. அந்த அமைதி எனக்கு நித்திரையைத் தரவில்லை.

பிறகு புறூக்ஸைப் பற்றி நான் எழுதிய சிறு கட்டுரை ஒன்று சஞ்சிகையிலே வந்தது. அதனை வாசித்த தந்தையார், தபாற் கந்தோர்க் காலத்துச் சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு சந்திப் பிழைகளைத் திருத்தினார். பைற்று என்ற சொல்லுக்குப் பக்கத்திலே ஒரு பெரிய கேள்விக் குறியும் போட்டார். கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, “தம்பி, அந்த மனிசனுக்குப் பென்சன் கிடைச்சதோ?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்திலே கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசான டியூரிங் பரிசு 1999இல் அவருக்குக் கிடைத்தது என்று சொன்னேன். “அது பரிசு. நான் கேட்டது பென்சன்” என்றார். ஆனாலும் அன்று தொடக்கம் பேச்சு வழமைக்கு வந்துவிட்டது. 2019இல் அவர் காலமானார். அந்தக் கேள்விக் குறி போட்ட தாளை நான் வைத்திருக்கிறேன். இன்றும் ஏதாவது எழுதி முடித்தால், இந்த இடத்திலே ஐயா பென்சிலை எடுப்பாரோ என்று பார்த்தே அனுப்புகிறேன். மேலே பைற்றுக்கு ஒரு பந்தி முழுவதையும் செலவழித்தது அதனாலேதான்.

எங்கள் பிள்ளைகள் கணினியைத் தமிழிலே படிக்கிறார்கள். பாடநூலிலே உள்ள கலைச்சொற்கள் நல்லவை. ஆனால் சொல்லைக் கற்றதும் பொருளையும் கற்றுவிட்டதாக நினைக்கும் அபாயம் உண்டு. ஆகையால் முதல் இரண்டு வாரம் நான் கணினியைத் திறக்க விடுவதில்லை. கொப்பியிலே செய்நிரல் எழுதிப் பென்சிலால் ஓடிப் பார்க்கச் சொல்கிறேன். கணினி கூடத்திலே இருபது கணினிகள் சும்மா இருக்க இதென்ன கஞ்சத்தனம் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஜாம் போத்தல் விளக்கு எனக்குத் தந்ததை இவர்களுக்கும் கொடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலையாலே பிள்ளையைப் படிப்பிக்கிறார். “இந்தப் படிப்பாலை உத்தியோகம் வருமோ, சேர்? இப்ப மெசினே எல்லாத்தையும் எழுதுமாமே” என்று கேட்டார். வரும் என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. அவன் ஒன்றல்ல, இரண்டு மூன்று தொழில் பார்க்க நேரிடலாம் என்றேன். அவ்விடை அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை என்பதை முகத்திலே கண்டேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய அந்தக் கேள்வியிலே நியாயம் உண்டு. புறூக்ஸ் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையிலே, மென்பொருள் வேலையின் கஷ்டங்களை இரண்டாகப் பிரித்தார். கருவிகளின் குறையால் வருவன ஒரு வகை. அவற்றைக் காலப்போக்கிலே நீக்கலாம். என்ன வேண்டும் என்று தெளிவாகத் தீர்மானிப்பதில் உள்ளது மறுவகை. எந்த ஒரு கருவியும் பத்து ஆண்டுக்குள் அதனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடாது என்றார். அவர் 2022ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி, தம் 91ஆவது வயதிலே மறைந்தார். இன்றைய கருவிகளுடைய வேகம் அவர் எண்ணியதற்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். இரண்டாம் வகைக் கஷ்டத்தையும் அவை தீர்த்துவிட்டனவா என்று பார்க்க விரும்பி, எங்கள் கல்லூரி நூலகத்திலே புத்தகம் இரவல் கொடுக்கும் முறைக்குச் செய்நிரல் அமைக்குமாறு அந்த வகுப்பிடம் சொன்னேன்.

அத்தாயின் மகனே குழுவுக்குத் தலைவன். கருவியிடம் கேட்டான், பத்து நிமிடத்திலே செய்நிரல் வந்துவிட்டது. வெற்றிக் களிப்போடு நூலகரிடம் கொண்டு போனார்கள். நூலகர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினான்கு நாள் என்றால் விடுமுறை நாளும் சேருமா? பாதி ஆண்டிலே பாடசாலை மாறிப்போன பிள்ளையின் கையிலே உள்ள புத்தகம் யார் கணக்கு? எட்டு ஆண்டுக்கு முன் ஓர் ஆசிரியர் எடுத்த அகராதி வரும் என்று எழுதுவதா, வராது என்று எழுதுவதா? பின்பு தம் பழைய பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஓரத்திலே பென்சிலால் எழுதிய குறிப்புகள் நிறைய இருந்தன. வெள்ளத்திலே வீடு மூழ்கியது, கேட்க வேண்டாம் என்று ஒரு பெயருக்கு எதிரே எழுதியிருந்தது.

பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பி வந்து, இக்குறிப்பை எந்தக் கட்டத்திலே பதிவது என்று வாதாடத் தொடங்கினர். தண்டப்பணம் இல்லை என்று பதிந்தால் போதும் என்றான் ஒருவன். அப்படியானால் அடுத்த ஆண்டு வரும் நூலகருக்குக் காரணம் தெரியாதே என்றான் அத்தாயின் மகன். மூன்று வாரம் ஆகிவிட்டது. வாதம் முடியவில்லை. நூலகர் அம்மா இன்னும் பழைய பதிவேட்டிலேதான் எழுதுகிறார். பையன் பாடசாலை முடிந்ததும் அவர் மேசைக்கு அருகே ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறான்.